வழி சொல்லும் திரை: ராயபுரத்துப் படகிலிருந்து கார் டேஷ்போர்டு வரை

இப்போது வரும் கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திரை இருக்கிறது. பாட்டு, ரேடியோ, போன், ஏசி, பின்பக்க கேமரா எல்லாம் அதற்குள்தான். அதிலேயே வரைபடமும் உண்டு. "ராயபுரம்" என்று விரலால் தட்டினால் போதும், ஒரு நீலக்கோடு வந்துவிடும். "200 மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று ஒரு குரல் சொல்லும். ஓட்டுபவர் திரும்புவார். யாரிடமும் கண்ணாடியை இறக்கி வழி கேட்க வேண்டியதில்லை.

அந்தக் குரலுக்கு ராயபுரம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் சுமார் 230 வருடக் கதை ஒன்று வருகிறது. அதில் பெரும்பகுதி சென்னையிலேயே நடந்தது. ராயபுரம் அந்தக் கதையில் பல இடங்களில் தலை காட்டுகிறது.

முதல் வழிகாட்டிகள் மனிதர்கள்

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, ஆழம் இருக்கும் இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு வருவதுதான் பெரும்பாடு. அலை மடிந்து உடையும் பகுதியைச் சாதாரண கப்பல் படகில் தாண்ட முயன்றவர்கள் பலர் மூழ்கினார்கள். அந்த அலையைத் தாண்டத் தெரிந்தவர்கள் இந்தக் கரையின் படகுக்காரர்கள் மட்டும்தான். மசூலாப் படகு என்று அதற்குப் பெயர். ஆணி கிடையாது, பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு வளைந்து கொடுக்கும், உடையாது. கப்பலுக்கும் கரைக்கும் கடிதம் கொண்டு போகக் கட்டுமரக்காரர்கள் இருந்தார்கள்.

எந்த அலையை விட வேண்டும், எந்த அலையில் ஏற வேண்டும் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. அது அந்த மனிதர்களின் கண்ணிலும் கையிலும் இருந்தது. கவர்னராக இருந்தாலும் சென்னையில் காலடி வைக்க இவர்கள் தயவு வேண்டும்.

ராயபுரம் என்ற பெயரே இவர்களோடு சேர்ந்தது. கிறிஸ்துவின் சீடரான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள். அவரும் மீனவர்தான். படகுக்காரர் சமூகம் தங்கள் பணத்தில் இங்கே எழுப்பிய புனித ராயப்பர் தேவாலயத்தின் பெயர்தான் ஊருக்கும் வந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆக, கப்பலில் வந்தவர்களுக்கு வழி காட்டியவர்களின் ஊர் இது.

மீனவர்களுக்கு இன்னொரு கலையும் தெரியும். நடுக்கடலில் மீன் கிடைக்கும் இடத்தை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். அங்கே பலகையா நட முடியும்? கரையில் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மரமும் ஒரே கோட்டில் வரும்படி படகை நிறுத்துவார்கள். வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடி அடையாளம். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியே அந்த இடம். பள்ளிக்கூடத்தில் ஜியோமெட்ரி படித்தவர்களுக்கு இது என்ன என்று உடனே புரியும்.

வானத்தைப் பார்த்து எழுதிய முகவரி

ஊர்க்காரனுக்குக் கோபுரம் போதும். லண்டனிலிருந்து வரும் கப்பலுக்கு எண் வேண்டும், அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். சோழமண்டலக் கரையை அளக்க வந்த மைக்கேல் டாப்பிங் என்பவர் இதற்காக ஒரு வானாய்வகம் தேவை என்று கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வாதாடினார். 1792இல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வானாய்வகம் கட்டப்பட்டது. நில அளவைக்கு ஆள் வேண்டுமே என்று 1794இல் கோட்டையில் ஒரு சர்வே பள்ளியும் ஆரம்பித்தார். எட்டு மாணவர்களோடு தொடங்கிய அந்தப் பள்ளிதான் வளர்ந்து வளர்ந்து இன்று கிண்டி பொறியியல் கல்லூரியாக நிற்கிறது.

வானாய்வகத்தில் அப்படி என்ன செய்தார்கள்? அடிப்படையில், மணி பார்த்தார்கள். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியானால் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை. கிரீன்விச்சில் மணி என்ன, சென்னையில் மணி என்ன என்று ஒரே கணத்தில் சரியாகத் தெரிந்துவிட்டால், வித்தியாசத்தை வைத்துத் தீர்க்கரேகையைச் சொல்லிவிடலாம். சென்னை கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னால் இருக்கிறது, அதாவது 80 பாகையும் கொஞ்சமும் கிழக்கே.

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதில்தான் வம்பு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளக்க ஆரம்பித்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இமயமலை வரை போனது மாபெரும் முக்கோண அளவை. மீனவர்கள் கரையைப் பார்த்துச் செய்த அதே வேலைதான், கருவிகள் மட்டும் பெரியவை. லாம்டனின் தியோடலைட் அரை டன் எடை. 1808இல் தஞ்சைக் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது மோதிச் சேதமாகி, அதை அவர் பொறுமையாகச் சீர் செய்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை.

இந்தியா முழுமைக்கும் போட்ட வரைபடங்களின் தீர்க்கரேகைக்கு மெட்ராஸ் வானாய்வகமே தொடக்கப் புள்ளி. பிற்பாடு தந்தி வந்தது. கண்டங்களுக்கு இடையே மணியை ஒப்பிட முடிந்தது. அப்போதுதான் சென்னையின் மதிப்பே தவறு என்று தெரிந்தது. ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கைக் கலை என்பார்கள். பிழை இரண்டு கலைக்கும் மேல். கடிகாரக் கணக்கில் இது ஏறக்குறைய 10 வினாடிதான். ஆனால் தரையில் மூன்று கிலோமீட்டரைத் தாண்டும்! பழைய வரைபடத்தின் எண்களை அப்படியே எடுத்து உலக உருண்டையில் வைத்தால் மொத்த ராயபுரமும் வங்காள விரிகுடாவுக்குள் போய்விடும். ஊருக்குள் தூரங்கள் எல்லாம் சரியாகவே இருந்ததால் உள்ளூரில் இருந்தவர்களுக்கு இது தெரியவே இல்லை. வரைபடத்தின் ஓரத்தில் திருத்தக் குறிப்பு அச்சிட்டார்கள்.

மணி தப்பினால் இடம் தப்பும். இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொண்டால் மீதிக் கதை சுலபம்.

ரயிலும் மணியும்

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. அந்த ஸ்டேஷன் கட்டிடம் இன்னும் நிற்கிறது.

ரயிலில் போகிறவன் வழி தேட வேண்டாம், தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். அவனுக்கு வேண்டியது மணி. மாட்டு வண்டி காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் சூரியன், அதனதன் மணி. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே ரயில் வரும்போது அப்படி இருந்தால் விபத்துதான். அதனால் எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே மணி தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்திய ரயில்வேக்கள் பொதுவாகப் பின்பற்றியது "மெட்ராஸ் டைம்". நுங்கம்பாக்கத்துக் கடிகாரம் சொன்ன நேரம் தந்தி வழியாக நாடு முழுக்கப் போனது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் கிரீன்விச்சை விட ஐந்தரை மணி முன்னால் என்று வைத்தபோது சென்னைக்காரர்களின் கடிகாரம் சுமார் ஒன்பது நிமிடம் முன்னே தள்ளப்பட்டது.

பூட்டி வைத்த வரைபடம்

இதே காலத்தில் துறைமுகமும் வந்துவிட்டது. 1881 புயலில் முதல் துறைமுகத்தின் சுவர்கள் சிதைந்தன. திரும்பக் கட்டினார்கள். 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வாசலை வடக்குப் பக்கம் மாற்றி நவீனத் துறைமுகமாக்கினார். கப்பல் நேராகச் சுவரோரம் வந்து நின்றது. அலையைத் தாண்ட இனி மசூலாப் படகு வேண்டாம். பல தலைமுறையாகச் சேர்த்த அறிவுக்கு விலை இல்லாமல் போனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு வழியை இயந்திரமோ சிமெண்டோ எடுத்துக்கொள்ளும்போது அந்த வழியை அறிந்த மனிதர்கள் என்ன ஆகிறார்கள்? ராயபுரம் இந்தக் கேள்வியை நூறு வருடத்துக்கு முன்பே சந்தித்துவிட்டது.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்தது. ஊரில் விளக்குகள் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தன. குறி பார்க்க அதைவிட வசதி என்ன வேண்டும்? சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டுத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்தது. "அவன் சரியான எம்டன்" என்று தமிழில் ஒரு வார்த்தையே சேர்ந்துவிட்டது. கரையில் இருக்கும் அடையாளம் நண்பனுக்கும் வழி சொல்லும், எதிரிக்கும் வழி சொல்லும் என்பதை அரசாங்கங்கள் மறக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பயம் இருந்தது. 1960களில் வந்த விதிகளின்படி எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டர் அகலப் பட்டைக்குள் வரும் பகுதிகளின் விரிவான சர்வே வரைபடங்கள் தடைக்குள் வந்தன. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் கடலோரம்தானே! உலக வரைபடக் கலையின் பெரும் வேலை ஒன்று தொடங்கிய நகரத்தில், தன் ஊரின் நல்ல வரைபடத்தைச் சாதாரண ஆள் கடையில் போய் வாங்க முடியாது என்ற நிலை பல காலம் இருந்தது.

டேஷ்போர்டுக்குள் வரைபடம்

அந்தச் சமயத்தில் வெளிநாடுகளில் காருக்குள் வரைபடம் நுழைந்துகொண்டிருந்தது. 1981இல் ஹோண்டா கொண்டுவந்த எலக்ட்ரோ கைரோகேட்டரில் செயற்கைக்கோள் கிடையாது. கார் எந்தப் பக்கம் திரும்பியது என்று கைரோ சொல்லும். எவ்வளவு தூரம் ஓடியது என்று சக்கரம் சொல்லும். இரண்டையும் கூட்டி ஒரு புள்ளியைத் திரையில் நகர்த்தும். மேலே கண்ணாடி போன்ற வரைபடத் தாளைச் செருக வேண்டும். ஊர் மாறினால் தாள் மாற்ற வேண்டும்.

1985இல் கலிபோர்னியாவில் வந்தது ஈடாக் கருவி. வரைபடம் கேசட்டில் இருந்தது. இந்தப் பெயர் பசிபிக் தீவுக் கடலோடிகளின் சொல். அவர்கள் கணக்கில் தோணி அசையாமல் நிற்கும், தீவுகள்தான் நகர்ந்து வரும். ஈடாக்கின் திரையில் கார் நடுவில் நிற்க, தெருக்கள் அதைச் சுற்றி நகர்ந்தன. இன்று எந்தக் காரின் திரையைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்தவர்கள் கடைசியில் தோணிக்காரர்களிடம்தான் பாடம் கேட்டார்கள்!

அடுத்தது ஜிபிஎஸ். அமெரிக்க ராணுவத்தின் அமைப்பு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன்னிடமிருக்கும் அணுக் கடிகாரத்தின் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துக் கார் தூரத்தைக் கணக்கிடும். நான்கு செயற்கைக்கோள் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். ஒளி ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் ஓடும். ஆகவே மைக்ரோ வினாடி தப்பினால் 300 மீட்டர் தப்பும். நுங்கம்பாக்கத்தில் 10 வினாடியால் வந்த அதே வம்பு, மிகச் சின்ன அளவில்!

காருக்குள்ளேயே ஜிபிஎஸ் வைத்து 1990இல் மாஸ்டா தன் யூனோஸ் காஸ்மோவை ஜப்பானில் விற்றது. ஆனால் பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தது. பிழை 100 மீட்டர் வரை போகும். ராயபுரத்துச் சந்துகளில் 100 மீட்டர் என்றால் மூன்று தெரு தள்ளி! 2000 மே மாதம் அந்தக் கெடுப்பை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் தெருத்தெருவாக வழி சொல்வது சாத்தியமானது.

சுரங்கப்பாதையிலும் மேம்பாலத்தின் அடியிலும் சிக்னல் போய்விடும். அப்போது காரில் பொருத்தப்பட்ட கருவி 1981இன் வித்தைக்கே திரும்புகிறது. சக்கரம் ஓடிய தூரம், திரும்பிய திசை இரண்டையும் வைத்து இடத்தை ஊகிக்கிறது. போனை விடக் காரோடு வந்த அமைப்புக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. சக்கரத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது.

தெருப் பெயர் தெரியாத ஊர்

இந்தியாவில் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. 1995இல் தொடங்கிய மேப்மைஇந்தியா போன்ற நிறுவனங்கள் ஆட்களை அனுப்பித் தெருத்தெருவாகத் தகவல் சேர்த்தன. 2011இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 500 காரின் உயர்ந்த ரகத்தில் இப்படிப்பட்ட வரைபடம் திரையிலேயே கிடைத்தது. ஆனால் இங்கே யார் தெருப் பெயர் சொல்லி வழி கேட்கிறார்கள்? "நேரா போய் கல்மண்டபம் தாண்டி, மசூதிகிட்ட லெஃப்ட்ல கட் பண்ணுங்கண்ணா" என்பதுதான் வடசென்னையின் பேச்சு. 2009இல் கூகுள் மேப்ஸ் இதைப் புரிந்துகொண்டு இந்தியாவுக்காக அடையாளங்களைச் சொல்லி வழி காட்டும் முறையைக் கொண்டுவந்தது. கோபுரத்தையும் மரத்தையும் பார்த்துப் படகை நிறுத்தியவர்களின் முறைக்கு இது மிக அருகில் வருகிறது. 2018இல் அதன் குரல் தமிழும் பேசியது.

காரோடு வந்த வரைபடத்துக்கு ஒரு குறை உண்டு. மெமரி கார்டில் இருப்பது பழசாகிவிடும். புதுப் பாலம் வந்தாலும் ஒருவழிப்பாதை மாறினாலும் அதற்குத் தெரியாது. 2014இல் ஆப்பிளின் கார்ப்ளேயும் 2015இல் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்த பிறகு, பல கார்களின் திரை போனைக் காட்டும் கண்ணாடியாகிவிட்டது. 1955 முதல் திருவொற்றியூரில் புல்லட் செய்த என்ஃபீல்டு நிறுவனமும் இதே வழியில் போனது. 2020இல் வந்த மீட்டியார் 350 பைக்கில் ட்ரிப்பர் என்ற சின்ன வட்டத் திரை இருந்தது. வழியைப் போன் கணக்கிடும். திரை அம்புக்குறியையும் தூரத்தையும் மட்டும் காட்டும்.

வரைபடப் பூட்டும் மெல்லத் திறந்தது. 2005இல் பொதுமக்களுக்கென்று தனி வரைபட வரிசை அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே வரைபடத் தகவல் சேர்க்கலாம் என்று ஆனது.

மறுபடியும் கடிகாரம், மறுபடியும் கடல்

அடுத்தவன் கடிகாரத்தை எத்தனை நாள் நம்புவது? எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பால் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா தன் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள்களை 2013 முதல் 2016 வரை ஏழு முறை ஏவியது. அமைப்புக்கு நாவிக் என்று பெயர். கடலோடி என்று பொருள் வரும் சொல். பெயர் வைத்த சில மாதங்களிலேயே முதல் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரங்கள் பழுதாகின. இறக்குமதி செய்த கடிகாரங்கள். கடிகாரம் நின்றால் செயற்கைக்கோள் உயிரோடு இருந்தும் இடம் சொல்ல முடியாது. 2023 மே மாதம் போன என்விஎஸ்-01இல் இந்தியாவிலேயே செய்த அணுக் கடிகாரம் இருந்தது. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 சரியான சுற்றுப்பாதைக்குப் போக முடியவில்லை. வேலை இன்னும் முடியவில்லை.

இது ஏதோ கார் வைத்திருப்பவர்களின் வசதி என்று நினைக்க வேண்டாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். புயல் வருகிறது என்று அவர்களுக்குச் சொல்லத்தான் வழி இல்லை. ஏராளமானவர்கள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு, 2019இல், செயற்கைக்கோள் வழியாக மீனவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. கையில் ஜிபிஎஸ் இருப்பது மட்டும் போதாது, கரையிலிருந்து ஒரு குரலும் வந்து சேர வேண்டும் என்ற பாடம் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது.

ஆக, அந்தத் திரையில் தெரியும் நீலக்கோட்டுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள். அலையை எண்ணிய படகுக்காரர், நட்சத்திரத்தைப் பார்த்து மணி எழுதியவர், வெயிலில் சங்கிலி பிடித்தவர், தெருத்தெருவாக நடந்து பெயர் குறித்தவர். ஒவ்வொரு முறையும் வழி பற்றிய அறிவு மனிதரிடமிருந்து கருவிக்குப் போனது. ஆனாலும் கருவி தானாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. யாரோ ஒருவர் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றும் அப்படித்தான். காசிமேட்டுச் சந்தில் நீலக்கோடு முட்டுச் சுவரில் போய் நிற்கும்போது, கார்க்காரர் கண்ணாடியை இறக்குகிறார். மீன் கூடையோடு போகும் ஒரு அம்மா, கேட்பதற்கு முன்பே கையை நீட்டி வழி சொல்லிவிட்டுப் போகிறார்.